தோள்வலி: லேசரும் பயிற்சியும்

தலைவாரவும் சட்டை அணியவும் கையை உயர்த்த இயலாத நிலை, ‘உறைந்த தோள்’ நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோயில் தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகுகிறது. 40 முதல் 60 வயதுக்குட்பட்டோரிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இது மிகுதி. வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காதிருந்தால் இறுக்கம் மேலும் கூடும்.

லேசர் சிகிச்சையில், குறிப்பிட்ட அலைநீளமுடைய ஒளி தோலின் வழியே திசுக்களுக்குள் செலுத்தப்படுகிறது. இதனால் சிலருக்கு வலி தணிகிறது. ஆயினும் இறுகிய மூட்டைத் தளர்த்துவது பயிற்சியே. வலி குறைந்திருக்கும் நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதே லேசரின் முழுப்பயன்.

சிகிச்சையின்போது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றலாகாது. கர்ப்பிணிகளும் புற்றுநோய் உடையோரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்:

1. ஊசல் பயிற்சி: நலமான கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து, வலியுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக 10 முறை சுழற்றுக.
2. சுவர்ப் பயிற்சி: சுவரை நோக்கி நின்று, விரல்களால் படிப்படியாக மேலேறுக, எட்டிய உயரத்தில் சில நொடிகள் நிறுத்தி, மெதுவாக இறக்குக.

இலேசான இழுவலி இயல்பே. கடும் வலி எழுந்தால் நிறுத்திவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

குடும்பத்தினர் கையை வலிந்து இழுக்க வேண்டா. முழு நலம்பெறப் பல மாதங்கள் ஆகலாம். பயிற்சியை நாள்தோறும் நினைவூட்டுவதே பேருதவி.

தோள்வலியுடன் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால், பயிற்சி செய்து பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருக.