ராய்ச்சூர்ப் பிள்ளைகள் பார்த்த டிவி

அன்புத் தங்கைக்கு,

தண்ணீர் ஆவியாவதைப் பற்றி நீ செய்த வீடியோவைப் பார்த்தேன். படங்கள் அருமை. ஈரத்துணி காய்கிற அந்த ஒரு காட்சிக்காகவே உன்னைப் பாராட்டலாம். ஆனால் பின்னணிக் குரல் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை நிற்கவே இல்லை. துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிறாய், அடுத்த நொடியே பதிலையும் சொல்லிவிடுகிறாய். பிள்ளை யோசிக்க எங்கே நேரம்?

பிள்ளைகளுக்குத் திரையில் சொல்லித்தருவது நம் ஊரில் புதிதல்ல. நீ வேலை செய்கிற பெங்களூருக்கு டிவி வந்தது 1981-இல். அதற்கு ஆறு வருஷம் முன்பே கர்நாடகத்தின் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் கிராமங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டிவி பார்த்தார்கள். ‘சைட்’ என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை அது. 1975 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி ஒரே ஒரு வருஷம் நடந்தது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து நிகழ்ச்சிகளைக் கொண்டுபோயின. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையில் மூன்று மீட்டர் அகலத் தட்டு ஆண்டெனா. காலையில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிஷம். கன்னட நிகழ்ச்சிகள் ஹைதராபாத் மையத்தில் தயாராயின. பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவின் பம்பாய் ஸ்டுடியோ செய்தது. அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோ மையத்திலிருந்து இதற்கெல்லாம் தலைமை தாங்கியவர் யஷ் பால் என்ற விஞ்ஞானி.

அந்த வருஷம் முடிந்ததும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிப் பாடத் தேர்ச்சியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஆனால் பிள்ளைகளின் மொழி வளர்ந்திருந்தது. வகுப்பறைக்கு வெளியேயும் தேடித் தெரிந்துகொள்கிற ஆசை கூடியிருந்தது. இதைத் தோல்விக் கணக்கில் எழுதியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிவியால் செய்ய முடிந்ததை அது செய்திருக்கிறது. பாடம் நடத்துவது வாத்தியார் வேலை. உன் வீடியோவின் கடைசியில் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அந்த இடத்தில், பிள்ளை எழுந்துபோய் வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை கொடு. ஒரே அளவு துணி இரண்டு, ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். போதும்.

சைட்டில் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று. ஆய்வாளர்கள் சிலர் கிராமங்களிலேயே மாதக்கணக்கில் தங்கி, டிவிக்கு முன்னால் யார் உட்காருகிறார்கள், யார் நடுவில் எழுந்துபோகிறார்கள் என்று கவனித்து எழுதினார்கள். அமெரிக்காவில் 1969-இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற பிள்ளைகள் டிவி நிகழ்ச்சி தொடங்கியபோதும் இதே அக்கறை இருந்தது. எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் டிவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரை வைத்து, சில நொடிக்கு ஒரு படமாக மாற்றிக்கொண்டே இருப்பார். பிள்ளையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறதோ, நிகழ்ச்சியில் அந்த இடம் தொய்வு. அப்படித்தான், மனிதர்கள் மட்டும் வந்த தெருக்காட்சிகளில் பிள்ளைகள் நிலைக்கவில்லை என்று தெரிந்தது. பொம்மைகளையும் மனிதர்களையும் கலக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அதை மீறித்தான் பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மையைத் தெருவில் இறக்கினார்கள். நிபுணர் சொல்லா, பிள்ளையின் கண்ணா என்று வந்தால், கண்ணை நம்பு.

தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப் போவதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். உங்கள் பெங்களூர் அல்சூரில் இரண்டும் பேசுகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சைட்டிலும் ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப வழி இருந்தது. ஒன்று மட்டும் கவனி: பேசுகிற முகத்தை அருகில் காட்டினால் ஏதாவது ஒரு மொழியில் உதடு ஒட்டாது. கையைக் காட்டு, பொருளைக் காட்டு. தமிழ் வசனத்தைக் கன்னடத்திலிருந்து மொழிபெயர்க்காமல், படத்தைப் பார்த்துப் புதிதாக எழுதச் சொல்.

அடுத்த எடிட் முடிந்ததும் எனக்கு அனுப்பாதே. ஒரு அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோய் மூன்றாம் வகுப்பில் போட்டுக் காட்டு. நீ திரைக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து உட்கார். எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் முகம் திருப்பினார்கள் என்று குறித்துக்கொள். அந்தத் தாளை எனக்கு அனுப்பு, சேர்ந்து உட்கார்ந்து வெட்டுவோம்.

அன்புடன்,
அண்ணன்