மாடல் விமானம் பறக்கவிடப் போறீங்களா? வானத்தில் யாருக்கு வழி விடணும்னு தெரிஞ்சுக்கோங்க!

ரிமோட்டில் இயங்கும் மாடல் விமானம் வாங்கியாச்சு, பேட்டரியும் சார்ஜ் ஏறியாச்சு. மைதானத்துக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம்! அண்ணாந்து பார்த்தால் வானம் காலியாகத்தான் தெரியும். ஆனால், சாலையைப் போலவே அங்கேயும் வழி விடும் முறை உண்டு.

முதலில் வரைபடம் பாருங்க

மத்திய அரசின் டிரோன் விதிகள், 2021 மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். விமானத்தைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். 2 கிலோ வரையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. எங்கே பறக்கலாம் என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் செல்போனிலேயே பார்க்கலாம்.

● பச்சை: 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதைப்போல் இரண்டேகால் மடங்கு என்று வெச்சுக்கோங்க. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் 200 அடிதான்.
● மஞ்சள்: வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்.
● சிவப்பு: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம். தேவைப்பட்டால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்க.

யாருக்கு முதல் வழி?

1. ஆள் இருக்கும் விமானம், ஹெலிகாப்டர்: சத்தம் கேட்டதுமே உங்கள் விமானத்தைக் கீழே இறக்குங்க. "தூரத்துலதானே இருக்கு" என்று நினைக்காதீங்க. வெறும் வானத்தில் எது முன்னால், எது பின்னால் என்று கீழிருந்து கணிப்பது கஷ்டம்.
2. தரையில் இருப்பவர்கள்: குறுக்கே குழந்தை ஓடி வந்தால், விமானம் உடைந்தாலும் பரவாயில்லை, ஆளில்லாத பக்கம் இறக்குங்க.
3. இன்ஜின் நின்றுபோன மாடல்: "டெட் ஸ்டிக்" என்று குரல் கேட்டால் எல்லோரும் ஓடுபாதையை விட்டு விலகணும்.
4. தரையிறங்கும் மாடல்: இது இறங்கி ஒதுங்கிய பிறகே அடுத்தவர் மேலே ஏற்றலாம். "லேண்டிங்", "டேக் ஆஃப்" என்று சத்தமாகச் சொல்லுங்க.

மைதானத்தில்

எல்லா பைலட்டுகளும் ஒரே வரிசையில் நின்று, தங்களுக்கு முன்பக்கம் மட்டும், ஒரே திசையில் சுற்றிப் பறக்கவிடணும். தலைக்கு மேலேயோ, பார்வையாளர்கள் பக்கமோ கூடாது. வானத்தைக் கவனித்துச் சொல்ல ஒரு நண்பர் பக்கத்தில் நிற்கட்டும்.

பழைய ரிமோட்டுகளில் இருவர் ஒரே சேனலைப் போட்டால் விமானம் விழுந்துவிடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் சிக்னல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்க. மோட்டார் தானாக நிற்கணும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும்.

சின்னப் பயிற்சி

நீங்க "லேண்டிங்" சொல்லிட்டீங்க. அதே நேரம் நண்பர் "டெட் ஸ்டிக்" என்கிறார். என்ன செய்வீங்க?

விடை: வேகத்தைக் கூட்டி, மேலே ஏறி, இன்னொரு சுற்று வாங்க. உங்கள் மோட்டார் ஓடுது, அவருடையது நின்னுபோச்சு.