வயிற்றுக்குள் ஒரு காப்பிக்கொட்டை

துறையூருக்கு மேற்கே கொல்லிமலை இருக்கிறது. அங்கே விளையும் காப்பிக்கொட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் புடைப்பு, நடுவில் ஒரு கோடு. இதே உருவம் வயிற்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்தால், மருத்துவர் உடனே விரைந்து செயல்படுவார். ஏன்?

1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்களை எலும்பு நன்றாகத் தடுக்கிறது. படத்தில் அது வெள்ளையாகத் தெரிகிறது. தசையும் நீரும் ஓரளவே தடுக்கின்றன. அவை சாம்பல் நிறம். காற்று அநேகமாகத் தடுப்பதே இல்லை, அது கறுப்பு. குடலின் சுவரும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளும் சாம்பல் நிறமே. ஆகவே குடலைக் காட்டிக்கொடுப்பது அதற்குள் இருக்கும் காற்றுதான்!

அது எந்தக் குடல்? சிறுகுடல் பெரும்பாலும் நடுவில் இருக்கும்; அதன் மடிப்புகள் குறுக்கே முழு அகலமும் ஓடும். பெருங்குடல் சட்டம்போல் ஓரங்களில் இருக்கும். அதன் மடிப்புகள் பாதியில் நின்றுவிடும். பெரியவர்களுக்கு 3, 6, 9 என்ற எண்களை நினைவில் வையுங்கள். சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6 செ.மீ., அதன் தொடக்கப் பை 9 செ.மீ. அகலத்தைத் தாண்டினால், அது வீங்கியிருக்கிறது என்று பொருள்.

அடைப்பு ஏற்பட்டால் குடலில் காற்றும் நீரும் தேங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி நீர் ஊற்றுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீர்மட்டம் கோடாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. நோயாளியை நிற்கவைத்துக் கதிரைக் கிடையாகச் செலுத்தினால் இதே கோடுகள் படத்தில் தெரியும்.

இனி நம் காப்பிக்கொட்டை. பெருங்குடலின் கடைசி வளைவு சில வேளைகளில் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். அதன் இரு கிளைகளும் வீங்கி ஒட்டி நிற்கும். நடுக்கோடு அவற்றின் சுவர்களே. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டால், சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கலாம். குழாய் செலுத்தியோ அறுவை செய்தோ முறுக்கை எடுக்க வேண்டும்.

குடலில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே கசியும். நிற்கும்போது அது மேலே ஏறி, உதரவிதானத்தின் கீழ் கறுப்புப் பிறையாகத் தெரியும். இடப்பக்கம் இரைப்பையில் இயல்பாகவே காற்று உண்டு. எனவே வலப்பக்கம், கல்லீரலுக்கு மேலே, கவனமாகத் தேடுவார்கள்.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளா? இல்லை. குடல்வால் அழற்சி எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் இன்று ஸ்கேன் படங்களையும் நாடுகிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்புசம், மலமும் காற்றும் பிரியாமை, இவை சேர்ந்து வந்தால் வீட்டில் பேதி மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.