செடியைப் பாருங்கள், பறவை தானே வரும்

பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே ஊருக்கு ஊர் ஏரி உண்டு. சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்காவின் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. அந்தக் கரையில் நடந்து நடந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

செடியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் வானத்தையே பார்க்கிறார்கள். நான் முதலில் செடிகளைப் பார்ப்பேன். ஆம்பல் இலை பரந்து கிடந்தால் அதன்மேல் இலைக்கோழி நடக்கும். அதன் கால்விரல்கள் மிக நீளமானவை. உடல் எடை பரவிவிடுவதால் இலை மூழ்குவதில்லை. முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில் நீலத் தாழைக்கோழியைத் தேடலாம். தண்ணீரை நோக்கிச் சாய்ந்த பனையிலோ ஈச்சையிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும்.

எருக்கஞ்செடியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இலையைத் திருப்பினால் அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டை தனித்தனியாக ஒட்டியிருக்கும். கறுப்பும் மஞ்சளுமாய் வரியோடிய புழுவையும் காணலாம்; அதன் உடம்பில் மூன்று ஜோடிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். பார்த்த இலையைப் பழையபடி விட்டுவிடுங்கள்.

நிறத்தைவிட நடத்தை முக்கியம்

எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்ந்தால் அது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து தரையிலிருந்து வெட்டுக்கிளியைக் கொத்திப்போவது வெண்மார்பு மீன்கொத்தி. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் கால்மணி நேரம் உட்காருங்கள். நடப்பவரைவிட உட்கார்ந்திருப்பவருக்கே அதிகம் தெரியும்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு, மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். வலசை வரும் பறவைகளும் அப்போது இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றும்போதும் போங்கள். சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் இரை தேடும். வெறுந்தரையில் ஆள்காட்டிக்குருவி முட்டையிடும். முட்டை கூழாங்கல் போலவே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காலில் ஷூ போடுங்கள்

கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத புதருக்குள் கையை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில், பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, எந்தச் செடியில் இருந்தது என்று குறித்து வையுங்கள். எதற்கு என்கிறீர்களா? வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்மக்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். நம் ஏரியில் என்ன வாழ்கிறது என்று தெரிந்தால்தான் நாமும் அதற்காகப் பேச முடியும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்குப் போய் எண்ணுங்கள்.