ஒலிக்காத ஹாரன்: ஒரு மின்காந்தவியல் வகுப்பு

ஒசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளை அறிந்து வளரும் பிள்ளைகளுக்கு மின்காந்தவியலைக் கார் ஹாரனிலிருந்தே தொடங்கலாம். மின்காந்தம் அதிர்தகட்டை இழுக்கும். உடனே தொடுமுனை விலகி மின்சுற்று அறும். தகடு திரும்பியதும் மீண்டும் இணையும். மின்சார மணியின் அதே வேலை.

ஒலிக்காத ஹாரனைக் காட்டினால், “ஹாரன் போச்சு சார்” என்பார்கள். அவசரம்! கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயர் வழியாக 12 வோல்ட் பேட்டரியுடன் நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். ஒலித்தால் பழுது வண்டியில்தான். வண்டியில் பொத்தானை அழுத்துகையில் ரிலே ‘டிக்’ என்றால் சுவிட்ச் நலம். ரிலேயின் தொடுமுனை, ஹாரனுக்கான ஃபியூஸ், ஒயர், எர்த் இணைப்பு ஆகியவை மிச்சம். துருவேறிய எர்த்தைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள். ஸ்டியரிங்கை மட்டும் மாணவர்கள் பிரிக்கக் கூடாது. உள்ளே காற்றுப்பை இருக்கலாம்.