பாடம்: ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?



உப்பளத்துக்கு விடியுமுன்னே கிளம்பும் நமக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைய நேரமில்லை. அதனால், "பக்கத்து வீட்டுப் பிள்ளை போற வேன்லயே ஏத்தி விட்டுடலாம்" என்று முடிவெடுத்து விடுகிறோம். குழுவில் கடன் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேட்கிறோம் அல்லவா? பள்ளிக்கும் கேட்போம்.

1. எந்த வகைப் பள்ளி?
அரசு, அரசு உதவி பெறும், தனியார் என மூன்று வகை. உதவி பெறும் பள்ளியை நடத்துவது தனியார் நிர்வாகம்; அரசு அனுமதித்த இடங்களில் உள்ள ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற தொடக்க வகுப்புக்குத்தான். ஆறாம் வகுப்பில் புதிதாகக் கேட்க முடியாது.

2. எதுவரை வகுப்பு?
நடுநிலைப் பள்ளி 8ஆம் வகுப்போடு முடியும். அடுத்த பள்ளி தூரம் என்றால் பெண்பிள்ளையை நிறுத்திவிடும் ஆபத்து அங்கேதான். 9ஆம் வகுப்புக்கு எங்கே என்பதை இப்போதே யோசியுங்கள்.

3. ஆசிரியர் இருக்கிறார்களா?
கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் ஒருவராவது இருக்க வேண்டும்.

4. பிள்ளைகள் படிக்கிறார்களா?
அங்கே ஏழாவது படிக்கும் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல் கணக்கும் போடச் சொல்லுங்கள். அரசு, உதவி பெறும் பள்ளி என்றால், எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்றும் கேளுங்கள். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை.

5. வழியும் வசதியும்?
கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தனியாகக் கடக்க வேண்டுமா? பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீருள்ள கழிப்பறை உண்டா? நேரில் போய்ப் பாருங்கள்.

6. முழுச் செலவு எவ்வளவு?
கட்டணம், வேன், சீருடை, டியூஷன் எல்லாம் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பள வேலை நிற்கும், பீஸ் நிற்காது. அந்த மாதத்துக்குக் கந்துவட்டி வாங்கும் நிலை வருமா என்று பாருங்கள்.

இதை மறக்காதீர்கள்
6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் இதே அடிப்படையில் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் மாற்றினால் இவை கைவிட்டுப் போகலாம். கணக்குப் போட்டு மாற்றுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அரசு, உதவி பெறும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. சேர்த்ததோடு வேலை முடியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போங்க, ஆசிரியர் இல்லாவிட்டால் தீர்மானம் போடச் சொல்லுங்க.

கூட்டத்தில் பேசுவோம்
• நம் குழுவில் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் யார் யார்?
• நேரில் பார்த்து வர எந்த இருவர் போவது?
• எட்டாவதோடு நின்ற பிள்ளை யாராவது உண்டா? திரும்பச் சேர்க்க என்ன செய்யலாம்?