அளவு மீறும் நொதிப்பு: ஏற்காட்டுக் காப்பித் தொட்டிகளில் ஒரு நோக்கு

நொதித்தல் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவன ஈஸ்டும் சாராயமுமே. பாடநூல்களும் பீர் ஆலையையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. நம் சேலம் மாவட்டத்திலோ, இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணத்திலேயே முதன்முதலில் அதைக் கண்ட மாவட்டம் இதுதான். மதுவிலக்கு பின்னர் தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. எனினும் வீட்டில் பீர் காய்ச்சிச் சோதித்துப் பார்க்க அச்சட்டம் இடம் தருவதில்லை. நொதிப்பு மிஞ்சிப் போவதையும் அதை மனிதன் கட்டுக்குள் வைப்பதையும் நேரில் காண விரும்புவோர்க்கு வேறோர் இடம் அருகிலேயே இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டுக்குச் சென்று, ஏதேனும் ஒரு தோட்டத்தின் பல்பர் கொட்டகையில் அரைநாள் நின்றால் போதும்.

சேர்வராயன் மலையில் காப்பி பயிராகத் தொடங்கியது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். இங்கே பெரும்பாலும் அராபிகா வகையே பயிராகிறது. சிவந்த பழத்தின் தோலை உரித்தால் உள்ளே இரண்டு கொட்டைகள். அவற்றின்மேல் காகிதத்தோல் போன்றதோர் உறை. இதனைப் பார்ச்மெண்ட் என்பர். அந்த உறையின்மேல் வழுவழுப்பான பசை ஒட்டியிருக்கும். பல்பர் எந்திரம் தோலைப் பிரிக்குமேயன்றி இந்தப் பசையைப் பிரிக்காது. பசையில் பெக்டின் என்னும் பொருள் இருப்பதால் வெறும் நீரில் எவ்வளவு அலசினாலும் போகாது. அப்படியே உலர்த்தினால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூசணம் பூக்கும். ஆகவே தோலுரித்த கொட்டைகளைத் தொட்டியில் குவித்துவிடுகிறார்கள். பழத்திலேயே உள்ள நொதிகளும், காற்றிலும் தோலிலும் இருந்து வந்து சேரும் பாக்டீரியா, ஈஸ்டு முதலியவையும் பெக்டினைச் சிதைக்கின்றன. சர்க்கரையைத் தின்று அமிலமும் சிறிது சாராயமும் கரியமில வாயுவும் உண்டாக்குகின்றன. பசை நீரில் கரையும் நிலைக்கு வந்ததும் கழுவிவிடலாம்.

பீர் காய்ச்சுபவனுக்கு நொதிப்பின் விளைபொருளே வேண்டும். காப்பிக்காரருக்கோ அதில் எதுவும் வேண்டாம். பசை நீங்கினால் சரி. அதற்குமேல் நடக்கும் ஒவ்வொரு மணி நேர நொதிப்பும் அவருக்கு நட்டமே. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

நொதிப்பு தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும் வினை. குளுக்கோஸ் சாராயமாக மாறும்போது, ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ 500 கிராம் சாராயமும், திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஏறத்தாழ 250 லிட்டர் கரியமில வாயுவும் கிடைக்கும். வாயு வெளியேறும் வேகமே நுரையாகப் பொங்குவது. கூடவே 500 முதல் 600 கிலோ ஜூல் வெப்பமும் வெளிப்படும். இந்த வெப்பம் வெளியே போக வழியின்றி 10 லிட்டர் நீரிலேயே தங்கினால் நீரின் வெப்பநிலை 12 பாகைக்குமேல் உயரும். வெப்பநிலை 10 பாகை கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியல் மாணவர் அறிந்ததே. சூடு வேகத்தைக் கூட்ட, வேகம் சூட்டைக் கூட்டும்! கோடையில் சேலத்து வீடுகளில் இட்லி மாவு விடியற்காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து கிடப்பதற்கும் கோடையின் சூடே காரணம். (இட்லி மாவைப் பொங்கவைப்பதில் ஈஸ்டைவிட லியூகனோஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்கே பெரும் பங்கு.)

ஐரோப்பிய மது வடிப்போர் இந்த உண்மையைக் காரணம் அறியாமலே கண்டுகொண்டிருந்தனர். பவேரியா நாட்டில் 1553-ஆம் ஆண்டு ஆணைப்படி, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம்; கோடையில் கூடாது. காரணத்தை விளக்கப் பாஸ்டர் வரவேண்டியிருந்தது. அவரது பீர் பற்றிய ஆராய்ச்சி நூல் 1876-இல் வெளிவந்தது. அதே காலத்தில் லிண்டேயின் குளிர்விக்கும் எந்திரம் மியூனிக் நகர ஆலையில் இடம் பிடித்தது. நொதிப்பை ஆளும் கலை, பெரும்பகுதி, குளிரை ஆளும் கலையே.

இது நிற்க. ஏற்காட்டுக்கு அந்தக் குளிர் இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் 6 பாகைக்குச் சற்று மேல் குறையும் என்று கொண்டால், இரண்டுக்கும் இடையே 8 பாகை வேறுபாடு வரும். ஆகவே கீழே ஒரு நாளில் முடியக்கூடிய நொதிப்பு மேலே ஒன்றரை நாளுக்குமேல் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். ஒரே வாரத்தில் மேகமூட்டமான நாளும் வெயில் நாளும் மாறி மாறி வருகின்றன. தொட்டி நிறையக் குவித்தால் நடுப்பகுதி சூடேறி முன்னதாகவே முடிந்துவிடுகிறது, ஓரங்கள் பின்தங்குகின்றன. மேல்பரப்பில் கைவைத்துப் பார்த்து, பிறகு கையை முழங்கை அளவு உள்ளே விட்டுப் பார்த்தபோது இந்த வேறுபாடு எனக்கே தெளிவாகத் தெரிந்தது. கடிகாரம் ஒன்றே காட்டும். தொட்டியிலோ இரண்டு மூன்று வேகங்கள் நடந்துகொண்டிருக்கும்.

அனுபவமுள்ள தொழிலாளர் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு கைப்பிடி கொட்டையை அள்ளி நீரில் அலசித் தேய்க்கிறார்கள். பசை இருந்தால் விரலுக்குள் வழுக்கும். போயிருந்தால் கூழாங்கற்களைத் தேய்த்தாற்போல் சொரசொரவென்று ஒலி எழும். இன்னொரு முறை, குவியலுக்குள் கழியைச் செருகி எடுப்பது: துளை மூடாமல் நின்றால் பசை விட்டுவிட்டது என்று பொருள். இவற்றை ஓரிடத்தில் மட்டும் செய்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. நடுவிலும் மூலையிலும் பார்க்கவேண்டும். அத்துடன் ஒரு சாதாரண வெப்பமானியைக் குவியலின் நடுவில் வைத்துக் குறித்துவந்தால், எந்நேரம் சோதனையைத் தொடங்குவது என்பதாவது தெரியும். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. ஆனால் நான் நின்ற கொட்டகையில் அது இல்லை.

வேகத்தை மட்டுப்படுத்தவும் வழிகள் உண்டு. பறித்த பழத்தை அன்றே பல்பரில் இடவேண்டும். சாக்கில் கட்டி இரவு வைத்தால் சாக்குக்குள்ளேயே நொதிப்பு தொடங்கிவிடும். மாலையில் தோலுரித்தால் இரவின் குளிர் துணை நிற்கும். தொட்டிக்குக் கூரை வேண்டும். குவியலின் ஆழத்தைக் குறைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சூடு ஒரே இடத்தில் தேங்காது. பல்பரில் ஓடிய நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் அதில் பெருகிய கிருமிகள் புதிய தொட்டிக்கு உறை ஊற்றியதுபோல் ஆகிவிடும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஆண்டில் வேறு வழியில்லை என்றால், நேரம் குறையும் என்பதை எதிர்பார்த்து முன்னதாகவே சோதிக்கவேண்டும். பசை விட்டதும் உடனே கழுவித் தூய நீரில் ஊறவைத்தால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். காஸ்டிக் சோடாக் கரைசல் கொண்டும், உராய்வு எந்திரம் கொண்டும் நொதிப்பே இல்லாமல் பசையை நீக்குவதுண்டு. எந்திரத்தின் விலை சிறு விவசாயிக்கு எட்டாதது.

எல்லை மீறினால் என்ன ஆகும்? முதலில் புளித்த வாடை; கொட்டையில் செம்பழுப்பு ஏறும். மேலும் போனால் அசெட்டிக் அமிலத்தோடு புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களும் சேர்ந்து வெங்காய நாற்றம், அழுகல் நாற்றம் எனக் கெடும். இத்தகைய கொட்டைக்குக் காப்பி வணிகத்தில் ஸ்டிங்கர் என்று பெயர். ஒரு சில கொட்டைகளே ஒரு மூட்டையின் மணத்தைக் கெடுத்துவிடும். வேடிக்கை என்னவெனில், இவை பல வேளைகளில் இன்றைய தொட்டியில் பிறந்தவையே அல்ல. நேற்றைய கொட்டைகள் நாலைந்து பல்பரின் இடுக்கிலோ தொட்டி மூலையிலோ ஒளிந்திருந்து, இரண்டாம் முறை நொதித்து, இன்றைய நல்ல காப்பியோடு கலந்துவிடுகின்றன. துடைப்பத்தால் மூலைகளைப் பெருக்கிக் கழுவும் வேலையைக் கடைநிலை வேலையாக எண்ணுகிறார்கள். என் கணிப்பில் கொட்டகையில் அதைவிட மதிப்புள்ள வேலை இல்லை. ஒரு கிலோ காப்பிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். செடி காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை உழைப்பும் ஓர் இரவின் கவனக்குறைவில் விலை இறங்கிப் போகும்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் உள்ளிட்ட சிறு விவசாயிகளில் பலரிடம் பல்பர் கிடையாது. பழத்தை முழுதாகவே களத்தில் உலர்த்துகிறார்கள். அவர்களுக்குத் தொட்டி இல்லையே தவிர நொதிப்பு இருக்கிறது. தோலும் சதையும் ஈரத்தோடு இருக்கும் முதல் சில நாள்களில் பழத்தைக் கனமாகக் குவித்தால், குவியலின் உள்ளே கைபொறுக்காத சூடு ஏறும். ஆகவே மெல்லிய பரப்பாகப் பரப்பி, பகலில் பலமுறை துழாவிவிடவேண்டும். மாலையில் பனிக்கு அஞ்சிக் குவித்து மூடுவது பழம் ஓரளவு காய்ந்த பிறகே நல்லது. அதற்குமுன் குவிப்பதாயின் விடிந்ததும் முதல் வேலையாகக் குவியலைக் கலைத்துவிடவேண்டும்.